புவியியற் கல்வி: அதன் வரலாறும் அது காட்டும் வழிகளும்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் கழகத்தை நாடி வரும் பெற்றோர் விரும்பிக் கேட்கும் படிப்புகள் நான்கைந்துக்குள் அடங்கிவிடும். மருத்துவம், பொறியியல், செவிலியம், வணிகவியல், ஆசிரியப் பயிற்சி என்பன அவை. புவியியல் என்றொரு பட்டப்படிப்பு உண்டு என்று நாம் எடுத்துரைத்தால், ‘பூகோளமா? அதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?’ என்னும் வினா உடனே எழுகிறது. வினா நியாயமானதே. கூலி உழைப்பில் மிச்சம் பிடித்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பம் இவ்வாறு கேட்கத்தான் வேண்டும்.

அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆயினும் வேலைகளின் பட்டியலை மட்டும் நீட்டி விடை கூறுதல் போதாது. நிலத்தை அளந்து ஏட்டில் ஏற்றும் கலை யாருடைய கையில் இருந்தது, அக்கலை பல்கலைக்கழகப் பாடமாக எவ்வாறு உயர்ந்தது, அதில் நம் மக்கள் எந்த இடத்தில் நின்றார்கள் என்பனவற்றை முதலில் அறிதல் வேண்டும். அவ்வரலாற்றை அறிந்த பிறகே இப்படிப்பு நமக்கு ஏன் தேவை என்பது விளங்கும்.

அளவைப் பள்ளியும் அடிக்கோடும்

நிலத்தைப் பகுத்து நோக்கும் அறிவு தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, மக்கள் வாழ்வை அவற்றின்மேல் எழுப்பிக் காட்டியது. ஆனால் இன்று கல்லூரிகளில் கற்பிக்கப்பெறும் புவியியல் வேறொரு வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் தாம் கைப்பற்றிய நாட்டை ஆளுதற்பொருட்டு அதனை அளக்க முற்பட்டனர். 1767ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரென்னல் வங்காளத்தின் தலைமை நில அளவராக அமர்த்தப்பட்டார். இந்திய நில அளவைத் துறை அவ்வாண்டையே தன் தொடக்கமாகக் கொள்கிறது. சென்னையில் 1794ஆம் ஆண்டில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் எட்டே மாணவர்களைக் கொண்ட அளவைப் பள்ளி ஒன்று திறக்கப்பெற்றது. அப்பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலையின் அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கத்துக் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல் நீளம் கொண்டது அக்கோடு. அதனை அடியாகக் கொண்டு முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சென்று, குமரிமுனை முதல் இமயம் வரை நாட்டை அளந்தனர். இப்பணி பல பத்தாண்டுகள் நீடித்தது. கோணம் அளக்கும் தியோடலைட் கருவி ஏறக்குறைய அரை டன் எடை கொண்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஏற்றும்போது அது மோதிச் சேதமடைந்தது. லாம்டன் தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார் என்று வரலாற்று நூல்கள் பாராட்டுகின்றன. காடும் மலையும் கடந்து அக்கருவியைத் தூக்கிச் சென்றவர்கள், கொடி பிடித்து நின்றவர்கள், சங்கிலி இழுத்தவர்கள், காய்ச்சலில் வழியிலேயே மாண்டவர்கள் ஆகியோரின் பெயர்களை அந்நூல்கள் கூறுவதில்லை.

அறிவுப் பணி செய்த இந்தியருக்கும் உரிய இடம் எளிதில் கிட்டவில்லை. இமயத்தின் பதினைந்தாம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது என்று 1852இல் கணக்கிட்டவர் இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணித அறிஞர். 1856இல் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. சிகரத்திற்கு வழங்கப்பெற்ற பெயரோ, முன்னரே ஓய்வு பெற்றுச் சென்றுவிட்ட ஜார்ஜ் எவரெஸ்டின் பெயராகும். நூறு மணிகள் கோத்த மாலையை உருட்டித் தம் காலடிகளை எண்ணிக்கொண்டே திபெத்துக்குள் நடந்து, இலாசா நகரின் இருப்பிடத்தைக் கணித்து வந்த நயின் சிங், ஒரு மலைநாட்டுப் பள்ளி ஆசிரியர். 1877இல் இலண்டன் அரச புவியியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. இப்பெயர்களேனும் ஏட்டில் ஏறின. நம்மவர் நிலையோ அதற்கும் கீழே இருந்தது.

சங்கிலியும் பதிவேடும்

சென்னை மாகாணத்தில் வரி விதிப்பிற்கான நில அளவை 1858இல் முறையாகத் தொடங்கிற்று. அறுபத்தாறு அடி நீளமும் நூறு கண்ணிகளும் கொண்ட குண்டர் சங்கிலியே அதன் அளவுகோல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். வயல்தோறும் எல்லைக்கல் நடப்பட்டது; புலந்தோறும் எண் இடப்பட்டது; ஊர்தோறும் வரைபடம் எழுந்தது. 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இவ்வமைப்புக்கு உறுதியான வடிவம் தந்தது. இன்றும் தமிழகத்தில் நில அளவைக்கு அடிப்படையாக நிற்பது அச்சட்டமே.

இங்கே நாம் நினைவில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஊரின் எல்லைகளை நெஞ்சில் வைத்திருந்தவன் அவ்வூரின் வெட்டியான். எல்லை வழக்கு எழுந்தபோது சேரியைச் சேர்ந்த அவனுடைய சொல்லே சான்றாகக் கொள்ளப்பட்டதை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரே எழுதி வைத்துள்ளனர். எந்த வரப்பு எங்கே திரும்புகிறது, எந்த மடையின் நீர் எந்த வயலுக்குப் பாயும் என்பதை அவனினும் நன்கு அறிந்தார் இலர். எனினும் அந்த அறிவு பதிவேட்டில் ஏறியபோது எழுதுகோல் அவன் கையில் இல்லை. கணக்கு எழுதியவர் கர்ணம். அப்பதவியோ பரம்பரை உரிமையாக, பெரும்பாலும் ஆதிக்க சாதிக் குடும்பங்களிடம் இருந்தது. எல்லையை அறிந்தவன் ஒருவன், எல்லையை எழுதியவன் மற்றொருவன் என்ற நிலையில் யாருக்குச் சாதகமாக ஏடு எழுதப்பட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

செங்கற்பட்டு மாவட்டத்தில் சேரி மக்கள் குடியிருந்த மனையும் மிராசுதாரர்க்கே உரியதெனக் கருதப்பட்டது. கூலி உயர்வு கேட்டவனைக் குடிசையினின்றே வெளியேற்ற முடிந்தது. அம்மாவட்ட ஆட்சியர் டிரமென்கீர் இந்நிலையை 1891இல் அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணையால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படை செய்யும் முறை ஏற்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது இதனையே. பத்தாண்டு வரை யாருக்கும் கைமாற்றலாகாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரல்லாத எவருக்கும் கைமாற்றலாகாது என்னும் நிபந்தனையுடன் அந்நிலங்கள் வழங்கப்பெற்றன.

நிபந்தனை ஏட்டில் இருந்தது. நிலம் கைமாறிப் போயிற்று. கடனுக்கும் அச்சத்திற்கும் ஏமாற்றுக்கும் பலியான நிலங்கள் பல. எந்த அளவை எண்ணில் நம் நிலம் உள்ளது என்பதை அறியாமலேயே இழந்தவர்கள் பலர். காரணை ஊரின் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் நம் தோழர் இருவர் உயிர் நீத்தனர். ஒரு நில அளவை எண்ணின் பின்னால் எத்துணை குருதி இருக்கிறது என்பதை அந்நாள் உணர்த்திற்று.

1980ஆம் ஆண்டு நவம்பரில் எம். ஜி. இராமச்சந்திரன் தலைமையிலான அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982இல் இதனை ஏற்றுக்கொண்டது. அதன்பின் கிராம நிர்வாக அலுவலர்கள் தேர்வின் மூலமும் இட ஒதுக்கீட்டின்படியும் அமர்த்தப்பட்டனர். ஊர்க் கணக்கைத் தொடவும் உரிமையற்றிருந்த சேரியிலிருந்து அக்கணக்கை எழுதும் அலுவலர் புறப்பட்டது அதற்குப் பிறகேயாகும். இதனை ஒரு சமூகப் புரட்சி என்றே நாம் கருதுகிறோம்.

பல்கலைக்கழகம் ஏறிய கதை

ஐரோப்பாவில் புவியியல் பல்கலைக்கழகப் பாடமானது 19ஆம் நூற்றாண்டில்தான். 1820இல் கார்ல் ரிட்டர் பெர்லினில் பேராசிரியரானார். 1887இல் ஆக்ஸ்போர்டில் மெக்கிண்டர் விரிவுரையாற்றத் தொடங்கினார். பேரரசுகளுக்கு உலக நிலங்களைப் பற்றிய அறிவு வேண்டியிருந்தது. பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டியிருந்தனர். இவ்விரு தேவைகளும் சேர்ந்து புவியியலைப் பல்கலைக்கழகத்தில் அமர்த்தின.

தமிழில் இப்பாடத்தை அச்சேற்றிய முன்னோடிகளுள் ஒருவர் நெல்லைச் சீமையில் பணியாற்றிய இரேனியஸ் ஐயர். அவரது ‘பூமி சாஸ்திரம்’ 1832இல் வெளிவந்தது. பின்னர் பள்ளிகளில் பூகோளம் நிலைத்த பாடமாயிற்று. இந்தியப் பல்கலைக்கழகங்களில் 1920களில் லாகூரிலும் அலிகாரிலும் இப்பாடம் இடம்பெற்றது. சென்னையில் 1926ஆம் ஆண்டு ஆசிரியர்களின் முன்முயற்சியால் சென்னைப் புவியியற் சங்கம் நிறுவப்பட்டது. இந்தியப் புவியியற் கழகம் என இன்று விளங்குவது அதுவே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தனித் துறையும் எழுந்தது. ஜார்ஜ் குரியன் போன்றோர் அத்துறைக்குத் தலைமை தாங்கினர்.

இதற்கு இணையாக நடந்த மற்றொரு முயற்சியும் குறிப்பிடத்தக்கது. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், மாணவர்கள் தத்தம் ஊர்களுக்குச் சென்று நிலம், நீர், தொழில், கூலி, கடன் ஆகியவற்றை நேரில் ஆராய்ந்து எழுதுமாறு செய்தார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, துசி, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்களைப் பற்றிய அவ்வாய்வுகள் 1918இல் நூலாயின. அவ்வூர்கள் 1930களிலும் பின்னரும் மீண்டும் ஆராயப்பட்டன. தம் ஊரையே பாடமாக்கிக் கற்கும் முறை இந்நாட்டில் வேரூன்ற இவை துணைசெய்தன.

அக்காலத்தில் அந்த ஆய்வு மாணவர்களாக நம் பிள்ளைகள் சென்றிருக்க இயலுமா? புவியியலுக்குக் களப்பணியே உயிர். எல்லாத் தெருவிலும் நடந்து, எல்லாக் கிணற்றையும் பார்த்து, எல்லா வீட்டு வாயிலிலும் நின்று வினாவினால்தான் அது நிறைவுறும். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்த பிறகே, பொதுச் சாலைகளும் தெருக்களும் கிணறுகளும் ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியன என்று அரசு அறிவித்தது. அறிவித்த பின்னரும் நடப்பில் தடை நீங்கவில்லை. தெருவில் நடக்கும் உரிமையே போராடிப் பெற வேண்டியிருந்த மக்களுக்குத் தெருவை வரைபடமாக்கும் கல்வி நெடுந்தொலைவில் இருந்தது.

வழி படிப்படியாகவே திறந்தது. 1919இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோர் நலனுக்கெனத் தொழிலாளர் ஆணையரை அமர்த்தியது. அத்துறை நடத்திய பள்ளிகளின் வழிவந்தவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். 1944இல் தாழ்த்தப்பட்ட மாணவரின் மேற்படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தால் கல்வியில் இட ஒதுக்கீடு உறுதிபெற்றது. 1954-55இல் அயல்நாட்டில் மேற்படிப்புக்கான உதவித்தொகை ஏற்பட்டது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகப் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 63 விழுக்காடாக இருந்தது; 2011இல் 73 விழுக்காட்டைத் தாண்டியது. மாநிலத்தின் மொத்த எழுத்தறிவு அவ்வாண்டில் 80 விழுக்காடு. இடைவெளி குறைந்துள்ளது, மறையவில்லை.

அண்ணல் அம்பேத்கரின் நிலநோக்கு

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட அறிஞராகவும் பொருளாதார அறிஞராகவும் போற்றுகிறோம். நிலத்தையும் நீரையும் பற்றி அவர் சிந்தித்த வகையை நம் மாணவர்கள் போதிய அளவு கற்பதில்லை. 1918இல் அவர் இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிலத்தின் பரப்பு சிறியது என்பது மட்டுமே நோயன்று. வேறு தொழிலின்றி மக்கள் அனைவரும் நிலத்தையே நெருக்கிக்கொண்டிருப்பதே நோய் என்று அதில் காட்டினார்.

1942 முதல் 1946 வரை வைசிராயின் செயற்குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் இருந்தபோது நீர்ப்பாசனமும் மின்னாற்றலும் அப்பொறுப்பில் அடங்கியிருந்தன. 1943இல் தாமோதர் ஆற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. ஓர் ஆற்றை மாகாண எல்லைகளின்படி துண்டு துண்டாக நோக்காமல் அதன் வடிநிலம் முழுவதையும் ஒன்றாகக் கொண்டு வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் அனைத்தையும் திட்டமிட வேண்டும் என்னும் கொள்கை அவர் காலத்தில் உருப்பெற்றது. 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்ததற்கு அது அடித்தளமாயிற்று. வடிநிலம் என்பது இன்றும் புவியியல் மாணவர் முதலில் கற்கும் கருத்துகளுள் ஒன்று.

1955இல் மொழிவழி மாநிலங்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் வரைபடங்களும் மக்கள்தொகைக் கணக்குகளும் இடம்பெற்றுள்ளன. உத்தரப் பிரதேசத்தை மூன்றாகவும் பீகாரை இரண்டாகவும் பிரிக்கலாம் என்று அவர் அதில் வாதிட்டார். 2000ஆம் ஆண்டில் உத்தராகண்டமும் சார்க்கண்டும் தனி மாநிலங்களாயின. மாநில எல்லையை வரையும்போது, அதற்குள் எந்த சாதி பெரும்பான்மையாகும், எளியோர் யாருடைய பிடியில் சிக்குவர் என்று வினவியவர் அவர். எல்லைக்கோடு வெறும் மையினால் ஆனதன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

வானிலிருந்து காணும் கண்

விடுதலைக்குப் பின் இத்துறை விரைந்து வளர்ந்தது. 1956இல் பேராசிரியர் எஸ். பி. சட்டர்ஜியின் தலைமையில் கல்கத்தாவில் தேசிய நிலப்படத் தொகுப்பு நிறுவனம் தோன்றிற்று. 1966இல் வான்வழி ஒளிப்படங்களை ஆராயும் பயிற்சி நிறுவனம் தேராதூனில் நெதர்லாந்தின் ஒத்துழைப்புடன் தொடங்கப்பெற்று, இன்று இந்தியத் தொலையுணர்வு நிறுவனமாக விளங்குகிறது. 1988ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்னும் நம் நாட்டுத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. பரங்கிமலையில் சங்கிலி கொண்டு தொடங்கிய பணி, வானிலிருந்து எடுக்கும் படத்தைக் கணிப்பொறியில் ஆராயும் பணியாக மாறிற்று. 2021இல் நடுவணரசு வரைபடத் தரவுகளின்மீது இருந்த கட்டுப்பாடுகள் பலவற்றைத் தளர்த்தியது. 2022இல் தேசியப் புவிசார் கொள்கையை வெளியிட்டது. இதனால் தனியார் நிறுவனங்களிலும் இப்பணிக்கு இடம் ஏற்பட்டது.

லாம்டனின் அடிக்கோடு முடிவுற்ற பெரும்பாக்கத்தை இங்கே மீண்டும் நோக்குவோம். சென்னை நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல்லாயிரம் இன்று அங்கே அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. அவர்களுள் நம் மக்கள் மிகப் பலர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்ந்த பகுதி அது. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அப்பகுதி நீரில் தத்தளித்தது. வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுவதாகக் கூறி அகற்றப்பட்டவர்கள் மற்றொரு வெள்ளப் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். நிலத்தின் உயர்வு தாழ்வைக் காட்டும் வரைபடத்தை விரித்து, இங்கே குடியமர்த்தல் தகுமா என்று கேட்க வல்ல புவியியல் அறிஞர்கள் நம்மிடையே பலர் இருந்திருந்தால், அவ்வினா உரிய நேரத்தில் உரத்து எழுந்திருக்கும்.

படிப்பின் அமைப்பு

புவியியல் இளநிலைப் படிப்பு மூன்றாண்டுகள் கொண்டது. மலை, ஆறு, காற்று, மழை, மண் ஆகியவற்றை ஆராய்வது இயற்கைப் புவியியல். மக்கள்தொகை, ஊர், நகர், வேளாண்மை, தொழில், போக்குவரத்து ஆகியவற்றை ஆராய்வது மானிடப் புவியியல். நிலப்படம் வரைதல், நில அளவை, புள்ளியியல், தொலையுணர்வு, புவித்தகவல் முறைமை ஆகியன செய்முறைப் பாடங்கள். இவற்றுடன் களப்பயணமும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரி, இராணி மேரிக் கல்லூரி, கோவை அரசு கலைக்கல்லூரி முதலியவற்றிலும், சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன் பல்கலைக்கழகத் துறைகளிலும் இப்பாடத்தைக் கற்கும் வாய்ப்பு இருந்து வருகிறது. மேல்நிலை வகுப்பில் புவியியல் படிக்காதவரையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. கலைப்பிரிவில் படித்த பிள்ளைக்கும் அறிவியலின் வாயிலைத் திறந்துவிடும் பாடங்களுள் இஃது ஒன்று.

செல்லும் வழிகள்

முதல் வழி ஆசிரியப் பணி. புவியியல் பட்டத்துடன் கல்வியியல் பட்டமும் பெற்று, தகுதித் தேர்விலும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்விலும் வென்றவர் பட்டதாரி ஆசிரியராகலாம். முதுகலை பெற்றவர் மேல்நிலை வகுப்பு ஆசிரியராகலாம். தேசியத் தகுதித் தேர்வும் முனைவர் பட்டமும் கல்லூரிப் பணிக்கு வழிகாட்டும். பட்டியல் சாதி ஆய்வு மாணவர்க்கென 2005-06 முதல் வழங்கப்பெற்று வரும் தேசிய ஆய்வுதவித் தொகையை நம் மாணவர்கள் நாட வேண்டும்.

இரண்டாம் வழி ஆட்சிப் பணித் தேர்வுகள். நடுவண் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் புவியியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரு தாள்கள், தாளுக்கு 250 மதிப்பெண். பொது அறிவுத் தாளிலும் இப்பாடத்தின் பங்கு கணிசமானது. விடைகளைத் தமிழிலேயே எழுதவும் இடமுண்டு. மாநிலத் தேர்வாணையத்தின் எல்லாப் பிரிவுத் தேர்வுகளிலும் இப்படிப்பு கைகொடுக்கும்.

மூன்றாம் வழி நிலப்படமும் தொலையுணர்வும். இந்திய நில அளவைத் துறை, தேசிய நிலப்பட நிறுவனம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்ககம், ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் ஆகியவை இத்துறையாளர்க்கு வேலை தருவன. முதுகலைக்குப் பின் தேராதூன் நிறுவனத்தில் பட்டயப் பயிற்சி பெறுதல் மிகுந்த பயன் தரும். தனியார் நிறுவனங்களில் தொடக்க வேலை பெரும்பாலும் படத்தைக் கணிப்பொறியில் கோடு கோடாக ஏற்றும் பணியே, ஊதியம் குறைவு. புள்ளியியலும் கணிநிரல் எழுதுதலும் கற்றவர்களே அதற்கு மேல் உயர்கின்றனர். தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லை என்பதையும் மறவாமல் திறனைக் கூர்மைப்படுத்திக்கொள்ளல் வேண்டும்.

நான்காம் வழி நகரமைப்பு. புவியியலில் முதுகலை பெற்றவர் தில்லித் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி போன்ற நிறுவனங்களில் திட்டமிடல் முதுநிலைப் படிப்பில் சேரலாம். எங்கே சாலை வரும், எங்கே குடியிருப்பு வரும், எந்தக் குப்பங்கள் அகற்றப்படும் என்பனவற்றை முடிவு செய்யும் மேசை அதுவாகும். அம்மேசையில் நம்மவர் அமர்வது ஒருவருடைய பிழைப்பு மட்டுமன்று.

ஐந்தாம் வழி பேரிடர் மேலாண்மை, நீர்வளம், சுற்றுச்சூழல் பணிகள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. எந்தக் குடியிருப்பு தாழ்வில் உள்ளது, எந்த வழியே மக்களை வெளியேற்றலாம் என்று காட்டும் வரைபடங்கள் மாவட்டந்தோறும் தேவைப்படுகின்றன. சேரிகள் பெரும்பாலும் பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் அமைந்திருப்பதால், அவற்றை விட்டுவிடாமல் வரைபடத்தில் ஏற்றுபவர் நம்மிடமிருந்து செல்லுதல் நலம்.

ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புவியியல் பட்டம் பெற்றவுடன் நில அளவர் வேலை கிடைத்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அண்மைக்கால அறிவிக்கைகள் அப்பதவிக்குக் கட்டடப் பொறியியற் பட்டயத்தையோ தொழிற்பயிற்சிச் சான்றிதழையோ கேட்டுள்ளன. ஆகவே ஒவ்வோர் அறிவிக்கையையும் படித்துப் பார்த்த பின்னரே விண்ணப்பித்தல் வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

தடைகள் பல உண்டு. இப்பாடத்தை மேல்நிலை வகுப்பில் நடத்தும் அரசுப் பள்ளிகள் குறைவு. களப்பயணச் செலவும் கணிப்பொறியின் விலையும் ஏழை மாணவனை அச்சுறுத்தும். மேல்நிலை நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆயினும் சில கதவுகள் செலவின்றியே திறந்திருக்கின்றன. கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009இல் தொடங்கிய ‘புவன்’ தளத்தில் செயற்கைக்கோள் படங்களைக் காணலாம். தேராதூன் நிறுவனம் இணையவழிப் பாடங்களையும் நடத்தி வருகிறது. நம் கழகத்தின் மாலைப் பள்ளிகளில் உள்ள கணிப்பொறிகளை இதற்கெனப் பயன்படுத்த இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே வழி செய்யலாம்.

மற்றுமொரு பணியையும் முன்மொழிகிறோம். ஊர்தோறும் நம் மாணவர்கள் கிராம வரைபடத்தையும், அ-பதிவேட்டையும், புலப்படத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பட்டாவும் பதிவேடும் இன்று இணையத்தில் காணக் கிடைக்கின்றன. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டத்திற்கு முன் ஒரு புலம் யார் பெயரில் இருந்தது, பின் யார் பெயரில் ஏறியது என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும். சுடுகாட்டுப் பாதை வரைபடத்தில் உள்ளதா, சேரிநத்தத்தின் எல்லை எதுவரை, பஞ்சமி நிலம் எந்தப் புல எண்ணில் உள்ளது என்னும் வினாக்களுக்கு அவர் விடை கூறுவார். வழக்கறிஞர்க்கும் போராட்டக் குழுவினர்க்கும் அவர் தரும் ஒரு வரைபடம் நூறு முழக்கங்களுக்கு நிகராகும்.

மருத்துவரும் பொறியாளரும் நமக்கு வேண்டும், அதில் ஐயமில்லை. அவர்களோடு, நாம் நிற்கும் நிலத்தை அறிந்து சொல்ல வல்லவரும் வேண்டும். நம் முன்னோர் எல்லைக்கல்லைச் சுமந்தனர், சங்கிலி பிடித்தனர், எல்லை எது என்று சான்றும் கூறினர். எழுதும் உரிமை ஒன்றே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அந்த உரிமை இன்று சட்டப்படி நம்முடையது. வரும் கல்வியாண்டில் நம் மாணவர்களுள் சிலரேனும் புவியியல் வகுப்பில் இடம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்; அதற்கான விண்ணப்பத்தை நிரப்பவும், கட்டணத்திற்கும் உதவித்தொகைக்கும் வழிகாட்டவும் கழகத்தின் கதவு திறந்தே இருக்கும்.